பயோடெக் நிறுவனத்துக்கு நிதி: முதலீட்டாளரை எந்த வழியில் அணுகுவது?

ஆய்வகத்தில் ஒன்றைக் கண்டுபிடித்து, அதை மருந்தாக்கிவிட வேண்டும் என்று நிறுவனம் தொடங்கியவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பயோடெக் துறைக்கு உதவும் மத்திய அரசு அமைப்பான பைராக்கின் மானியம் முடியப்போகிறது, அடுத்த கட்டத்துக்கு முதலீடு வேண்டும். யாரிடம் கேட்பது என்பது ஓரளவு தெரிகிறது. பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்பதில்தான் தடுமாற்றம். அறிமுகமே இல்லாத நிதி நிறுவனத்துக்கு நேராக மின்னஞ்சல் எழுதலாமா? தெரிந்தவர் மூலம் போகலாமா? மாநாட்டு மேடை ஏறலாமா? இல்லை, பெரிய மருந்து நிறுவனத்தின் கதவையே தட்டலாமா?

மென்பொருள் நிறுவனங்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. எல்லோரிடமும் சொல்லுங்கள், எல்லா மேடையிலும் பேசுங்கள் என்பதே அவற்றின் சாரம். பயோடெக்கில் அதை அப்படியே பின்பற்றினால் காப்புரிமையே கைநழுவிப் போகலாம். அதனால் இந்த நான்கு வழிகளையும் நம் துறையின் கணக்கில் தனியாக எடைபோட வேண்டியிருக்கிறது.

பேச வசதியாக ஓர் உதாரணம். சென்னையில் ஒரு சிறு குழு, நீரிழிவுக் கால்புண்ணை ஆற்றும் பெப்டைட் (சிறு புரதத் துண்டு) களிம்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எலிகளில் நல்ல முடிவு வந்திருக்கிறது. மனிதர்களிடம் இன்னும் போகவில்லை. கையில் உள்ள பணம் ஓர் ஆண்டுக்குத் தாங்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

எதிரில் இருப்பவருக்கு உங்கள் தரவைப் படிக்கத் தெரியுமா என்பதை நான் முதலில் வைப்பேன். 2012-ல் அமெரிக்கப் பயோடெக் நிறுவனமான ஆம்ஜென், புற்றுநோய் ஆய்வில் திருப்புமுனை என்று கருதப்பட்ட 53 கட்டுரைகளைத் தன் ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்த்ததில் 6-ன் முடிவுகளை மட்டுமே உறுதிப்படுத்த முடிந்தது என்று அறிவித்தது. துறை அறிந்த முதலீட்டாளர் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் உங்கள் வரைபடத்தைப் பார்ப்பார். எத்தனை எலி, யார் அளந்தது, அளந்தவருக்கு எது மருந்து எது வெறும் களிம்பு என்று தெரியுமா, வேறு ஆய்வகம் திரும்பச் செய்ததா என்றெல்லாம் கேட்பார். துறை அறியாதவர் சந்தை எவ்வளவு பெரியது என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார். இரண்டாமவரிடம் பேசுவது சுலபம். ஆனால் மூன்று வருடம் கழித்துச் சோதனை ஒன்று தோற்கும்போது, கூட நிற்கக்கூடியவர் முதலாமவர்தான்.

இரண்டாவது, ரகசியம். விண்ணப்பம் தாக்கல் செய்வதற்கு முன்பே கண்டுபிடிப்பு வெளியாகிவிட்டால் காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும். அமெரிக்கச் சட்டம் கண்டுபிடித்தவருக்கு ஓர் ஆண்டு அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. ரகசியம் காக்கக் கடமைப்படாத ஒருவரிடம் சொன்னாலே வெளியிட்டதாகக் கருத இடமுண்டு. இந்தியச் சட்டத்தில் அரசு அறிவித்த கண்காட்சி, கற்றோர் சங்கத்தில் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டும் 12 மாத விலக்கு இருக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடு, ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான ஷோத்கங்காவில் ஏறிவிட்டால் அதுவும் வெளியீடுதான்.

சரி, உடனே தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடலாமே என்று தோன்றும். போடலாம், ஆனால் அன்றிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் தாக்கல் செய்ய வேண்டும்; அதற்குள் அதைத் தாங்குகிற தரவு வேண்டும். சர்வதேச வழியில் போனால் ஏறக்குறைய 30 மாதத்தில் நாடு நாடாகக் கட்டணம் கட்டும் கட்டம் வந்துவிடும். முதலீடு அதற்குள் வரவில்லை என்றால் எந்தெந்த நாட்டைக் கைவிடுவது என்று உட்கார்ந்து முடிவெடுக்க நேரிடும். ஆகவே முதல் பேச்சுவார்த்தையின் தேதியும் விண்ணப்பத்தின் தேதியும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

மூன்றாவது, மறுப்பிலிருந்து என்ன கிடைக்கிறது என்பது. பெரும்பாலான பதில்கள் ‘வேண்டாம்’ என்றுதான் வரும். காரணத்தோடு வரும் மறுப்பு அடுத்த சோதனையைத் திருத்த உதவும். மௌனம் எதற்கும் உதவாது.

நேரமும் சட்டமும் மீதி இரண்டு. பங்குகளைத் தனிப்பட்ட முறையில் விற்கும் நிறுவனம், 2013-ம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 42-வது பிரிவின்படி, அடையாளம் கண்ட நபர்களுக்கு மட்டுமே அழைப்பு விடுக்கலாம். ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் போகக் கூடாது. பொதுமக்களுக்குத் தெரியும்படி விளம்பரம் செய்யவும் கூடாது. ‘இவ்வளவு வேல்யூவேஷனில் (நிறுவன மதிப்பில்) இவ்வளவு திரட்டுகிறோம், விருப்பமுள்ளவர்கள் தொடர்புகொள்ளவும்’ என்று லிங்க்ட்இன்னிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடுவதற்கு முன் கம்பெனி செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு நான்கையும் ஒரே பார்வையில் தருகிறேன். காரணங்கள் கீழே.

| வழி | தரவைப் படிக்கத் தெரிந்தவரா | ரகசியம் கசியும் வாய்ப்பு | மறுப்பில் காரணம் வருமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| நேரடி மின்னஞ்சல் | தேர்ந்தெடுத்து எழுதினால் ஆம் | குறைவு, உங்கள் கையில் | அரிது | ஒவ்வொரு நிதியையும் படித்து அறியும் நேரம் |
| தெரிந்தவர் வழி அறிமுகம் | அறிமுகம் செய்பவரைப் பொறுத்தது | நடுத்தரம் | பெரும்பாலும் வரும் | கடன்பட்ட உணர்வு, தரகு, சிதறிய பங்குகள் |
| மேடை, மாநாடு | கலவை | அதிகம் | வராது. தனிச் சந்திப்பில் வரலாம் | பயணம், ஆய்வகத்தில் இழக்கும் வாரங்கள் |
| மருந்து நிறுவனம் | மிக நன்றாக | நடுத்தரம், ஒப்பந்தத்தைப் பொறுத்தது | வரும், மெதுவாக | பின்னால் வருபவர்களைக் கட்டிப்போடும் உரிமைகள் |

## நேரடி மின்னஞ்சல்

இந்த வழியைப் பலர் முயன்று பார்க்காமலேயே ஒதுக்குகிறார்கள். யாரும் படிக்க மாட்டார்கள் என்ற எண்ணம். நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் படிக்க மாட்டார்கள் என்பது உண்மை. உயிரியல் தெரிந்த, உங்கள் கட்டத்தில் முதலீடு செய்கிற நிதிகளைத் தேடினால் பட்டியல் மிகவும் சிறியது. அந்தச் சிலருக்குத் தனித்தனியாக எழுதப்பட்ட கடிதம் படிக்கப்படும்.

எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் பலர் தவறவிடுவது நிதியின் வயது. துணிகர முதலீட்டு நிதிகள் பெரும்பாலும் பத்தாண்டு ஆயுள் கொண்டவை. ஆறாவது ஆண்டில் இருக்கும் நிதிக்கு, மருந்துக் கடைக்கு வரப் பத்தாண்டு பிடிக்கும் களிம்பை எவ்வளவு பிடித்தாலும் புதிதாக வாங்க முடியாது. மறுப்புக் கடிதத்தில் இந்தக் காரணத்தை யாரும் எழுத மாட்டார்கள். புதிய நிதியை எப்போது தொடங்கினார்கள் என்பது செய்திகளில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும் உள்ளடக்கம் இப்படி:

‘நீரிழிவுக் கால்புண்ணுக்கான பெப்டைட் களிம்பு. நீரிழிவு எலிகளில், குழுவுக்குப் பன்னிரண்டு வீதம், மருந்தில்லாத களிம்பைவிடப் புண் விரைவாக மூடியது. வெளி ஆய்வகம் ஒன்று திரும்பச் செய்தும் அதே முடிவு. எலித் தோல் சுருங்கி மூடும் தன்மையுள்ளது என்பதை அறிவோம். அதனால் அடுத்தது பன்றித் தோல் சோதனை. நச்சுச் சோதனை தொடங்கவில்லை. முதல் காப்புரிமை விண்ணப்பம் தாக்கலாகிவிட்டது. பன்றிச் சோதனையையும் நச்சுச் சோதனையையும் முடிக்கத் தேவையான தொகையைத் திரட்டுகிறோம். முப்பது நிமிடம் பேச முடியுமா?’

இதில் பெப்டைடின் வரிசை இல்லை, அது செயல்படும் நுட்பமும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு இந்தக் குழு தன் பலவீனத்தைத் தானே அறிந்திருக்கிறது என்பது புரிந்துவிடும். எலியின் தோல் பெரும்பாலும் சுருங்கித்தான் மூடும், மனிதத் தோலில் புதுத் திசு வளர வேண்டும், பன்றித் தோல் அதற்கு நெருக்கமானது என்பது காயத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், அவர் கேட்கக் காத்திருந்த முதல் கேள்வி உங்களுக்குச் சாதகமாக மாறிவிடுகிறது.

முதல் கடிதத்தோடு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை இணைத்து அனுப்பாதீர்கள். நிதி நிறுவனங்கள் ஒரே துறையில் பல குழுக்களைப் பார்ப்பதால், ஆரம்பத்திலேயே அதில் கையெழுத்திடுவது வழக்கமில்லை. ரகசியமற்ற ஒரு பக்கச் சுருக்கம், அதன்பின் பிட்ச் டெக் (நிறுவனத்தை விளக்கும் ஸ்லைடுகள்), ஆர்வம் உறுதியான பிறகு ஒப்பந்தத்தோடு டேட்டா ரூம் (முழு ஆவணத் தொகுப்பு) என்று படிப்படியாகத் திறப்பதே நடைமுறை. எந்தப் படியில் எதைக் காட்டுவது என்று குழுவுக்குள் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உற்சாகமான பேச்சின் நடுவே முடிவெடுக்கும் விஷயம் இல்லை இது.

## தெரிந்தவர் வழியாக அறிமுகம்

எல்லோரும் பரிந்துரைக்கும் வழி இதுதான், பெரும்பாலும் சரியான பரிந்துரைதான். ஆனால் யார் வழியாக என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. நம் களிம்புக் குழுவுக்கு, நீரிழிவுக் கால் சிகிச்சையில் பேர்பெற்ற ராயபுரம் எம்.வி. மருத்துவமனை போன்ற இடங்களில் பணிபுரியும் மருத்துவர் ஒருவர், ‘இப்படி ஒரு களிம்பு இருந்தால் என் நோயாளிகளுக்குப் பயன்படுத்திப் பார்ப்பேன்’ என்று முதலீட்டாளரிடம் சொல்வது, ஊரறிந்த தொழிலதிபர் சொல்வதைவிட வலுவானது. அடுத்து, ஏற்கெனவே அந்த நிதியிடம் முதலீடு பெற்ற நிறுவனர். அதற்கடுத்து, புது நிறுவனங்களுக்கு இடமும் ஆலோசனையும் தரும் இன்குபேட்டர். பெங்களூரு சி-கேம்ப், ஹைதராபாத் ஐ.கே.பி. நாலெட்ஜ் பார்க் போன்றவை முதலீட்டாளர்களோடு தொடர்ந்து தொடர்பில் இருப்பவை.

ஆரம்பக்கட்டக் குழுக்களுக்குப் பைராக் தரும் பிக் மானியத்தையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், பங்கு எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், விஞ்ஞானிகள் அடங்கிய தேர்வுக்குழு உங்கள் திட்டத்தைக் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுத்தது என்ற சாட்சி. அறிமுகம் இல்லாதவர்களுக்கு அந்தத் தேர்வே ஓர் அறிமுகம்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? அறிமுகம் செய்துவைத்தவர் பிறகு ஆலோசகர் பதவியும் இரண்டு சதவீதப் பங்கும் கேட்கும் நிலைமை சாதாரணமாக நடக்கிறது. அறிமுகத்துக்கு முன்பே ‘உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்’ என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது. அப்புறம், உறவினர்களும் நண்பர்களும் சேர்ந்து சின்னச் சின்னத் தொகையாகப் போடும் பணம். நியாய மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குப் பங்கு விற்ற நிறுவனங்கள் மீது விழுந்த ஏஞ்சல் வரி என்ற தலைவலி 2024 பட்ஜெட்டோடு போய்விட்டதால் இந்த வழி இப்போது முன்பைவிட எளிது. ஆனால் இருபது பேர் சிறு பங்குகளோடு நிற்கும்போது, அடுத்துவரும் நிதி நிறுவனம் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கச் சொல்லும். இதைவிட என்னை உறுத்துவது வேறு. அமெரிக்கப் பயோடெக் தொழில் சங்கம் 2011 முதல் 2020 வரையிலான தரவை வைத்துக் கணக்கிட்டதில், முதல்கட்ட மனிதச் சோதனைக்குள் நுழைந்த மருந்துகளில் 7.9 சதவீதம்தான் ஒப்புதல் வரை போயின. நம் களிம்பு அந்தக் கட்டத்துக்கே இன்னும் வரவில்லை. இந்த எண்ணைச் சொல்லாமல் சித்தப்பாவின் ஓய்வூதியப் பணத்தை வாங்கக் கூடாது.

துறை சாராத பணமே தவறு என்று நான் சொல்லவில்லை. 1993-ல் ஹைதராபாத்தில் வரபிரசாத் ரெட்டி தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸுக்கு, அந்நாளில் ஓமனின் வெளியுறவு அமைச்சராக இருந்த யூசுப் பின் அலவி முதலீடு செய்தார். 1997-ல் அந்த நிறுவனம் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியைக் கொண்டுவந்தது. பயோடெக் நிதிகளே இந்தியாவில் இல்லாத காலத்தில், பொறுமையுள்ள ஒருவரின் நம்பிக்கையால் நடந்தது அது. பொறுமை, பெரிய தொகை, இழந்தாலும் தாங்கும் வசதி ஆகிய மூன்றும் ஒருவரிடமே இருந்தால் அவர் எந்தத் துறையிலிருந்து வந்தாலும் சரி.

## மேடையும் மாநாடும்

இதில் சுருக்கமாகவே சொல்ல முடியும். காப்புரிமை விண்ணப்பம் தாக்கலாகாத குழு மேடை ஏறவே கூடாது. ஸ்லைடைக் கைப்பேசியில் படம் பிடிப்பதை யாராலும் தடுக்க முடியாது.

விண்ணப்பம் போட்டாயிற்று என்றால், மேடைப் பேச்சைவிட மாநாட்டின் தனிச் சந்திப்புகளுக்குத்தான் மதிப்பு. பிப்ரவரியில் ஹைதராபாத்தில் நடக்கும் பயோ ஏஷியா, நவம்பரில் பெங்களூரு டெக் சம்மிட் ஆகியவை ரயிலில் போய்வரும் தூரம். ஜூனில் அமெரிக்காவில் நடக்கும் பயோ மாநாட்டில் அரைமணி நேரச் சந்திப்புகளை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். ஜனவரியில் மருத்துவத் துறை முதலீட்டாளர்கள் கூடும் ஜே.பி. மார்கன் மாநாட்டு வாரத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போவதை, ஏற்கெனவே மின்னஞ்சலில் பேச்சு நடந்து நேரில் பார்க்க ஒப்புக்கொண்டவர்கள் சிலராவது இருந்தால் தவிர, நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வாரத்தில் ஊரின் விடுதிக் கட்டணத்தை நினைத்தாலே ஒரு வெளி ஆய்வகச் சோதனை கண்முன் வருகிறது. பணத்தைவிடப் பெரிய இழப்பு, முதன்மை விஞ்ஞானியே நிறுவனராகவும் இருக்கும் குழுவில் அவர் ஊரில் இல்லாத வாரங்களில் ஆய்வகம் நின்றுபோவது.

மேடையில் நோயைப் பற்றியும் தரவைப் பற்றியும் பேசுங்கள். தொகை, வேல்யூவேஷன், பங்கு விலை ஆகியவற்றைத் தனிச் சந்திப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். 42-வது பிரிவு அங்கேயும் பொருந்தும். அமெரிக்க முதலீட்டாளர்களிடம் அந்நாட்டின் 506(பி) விதியின்கீழ் திரட்டுவதானால், அங்கும் பொது அழைப்புக்குத் தடை உண்டு.

## மருந்து நிறுவனம்

உங்கள் தரவை மிக நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்தான். களிம்பு என்றதும், வளர்ச்சிக் காரணிக் களிம்புகள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று அடுத்த நொடியே கேட்பார்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்ட பெகாப்லெர்மின் 1997-ல் ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் பாரத் பயோடெக்கின் ரீஜென்-டி இருக்கிறது. அவற்றைவிட உங்களுடையது எதில் மேல், விலையிலா, ஆறும் வேகத்திலா, குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் தாங்குவதிலா? இந்தக் கேள்வியைச் சந்தித்துத் திரும்பும் குழு, பிறகு எந்த முதலீட்டாளர் முன்னும் தயங்காது. பணம் கேட்காமல் கருத்து மட்டும் கேட்டு ஒரு சந்திப்பை ஆரம்பத்திலேயே நடத்துவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

பணம் என்று வரும்போது கதை வேறு. முடிவெடுக்கும் குழுக்கள் அடுக்கடுக்காக இருக்கும், மாதங்கள் ஓடும். நடுவில் அவர்களுடைய திட்ட முன்னுரிமை மாறினால் பேச்சு அப்படியே நின்றுபோகும். முதலீட்டோடு ‘முதலில் எங்களிடம்தான் விற்க வேண்டும்’ என்ற உரிமையைக் கேட்பார்கள். அதைக் கொடுத்துவிட்டால் போட்டி நிறுவனங்கள் பேச்சுக்கே வர மாட்டார்கள், பின்னால் வரும் நிதிகளும் தயங்கும். ரகசிய ஒப்பந்தத்தில், பணியாளர்களின் நினைவில் தங்கிய அறிவை அவர்கள் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தால் காப்புரிமை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

இந்த வழி நன்றாக அமைந்த உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. ஐஐடி பம்பாயில் பிறந்த இம்யூனோஆக்ட் நிறுவனத்தில் 2021-ல் மருந்து நிறுவனமான லாரஸ் லேப்ஸ் சிறுபான்மைப் பங்கு வாங்கியது. டாடா நினைவு மருத்துவமனையோடு சேர்ந்து உருவான இம்யூனோஆக்டின் கார்-டி செல் சிகிச்சை (நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்களையே மாற்றிப் புற்றுநோயைத் தாக்கவைப்பது) 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. உற்பத்திதான் பாதி வேலை என்ற வகைச் சிகிச்சைக்கு, உற்பத்தி தெரிந்தவரின் பணம் பொருத்தமானது.

ஓர் எச்சரிக்கை. மருந்து நிறுவனத்தோடு ஒரு சந்திப்பு நடந்ததும் அதன் சின்னத்தை டெக்கில் போட்டுக்கொள்ளும் ஆசை வரும். அமெரிக்க ரத்தப் பரிசோதனை நிறுவனமான தெரனோஸின் வழக்கில், ஃபைசரின் சின்னம் அந்த நிறுவனத்தின் அனுமதியின்றிப் பொருத்தப்பட்ட அறிக்கை முதலீட்டாளர்களிடம் காட்டப்பட்டது முக்கியச் சாட்சியமாக வந்தது. 2022 ஜனவரியில் தெரனோஸின் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பானது முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றச்சாட்டுகளில்தான். ‘பேசியிருக்கிறோம்’ என்பதை ‘இணைந்து பணியாற்றுகிறோம்’ என்று எழுதுவதுகூட அந்தப் பாதையின் தொடக்கம். எழுத்தில் அனுமதி இல்லாத எந்தச் சின்னத்தையும் நீக்கிவிடுங்கள்.

## எந்த நிலையில் எது

விண்ணப்பம் தாக்கலாகாமல், எலித் தரவு மட்டும் இருக்கிறதா? நான்கில் எதுவும் வேண்டாம். மானியத்துக்கு விண்ணப்பியுங்கள், அந்தப் பணத்தில் வெளி ஆய்வகத்தில் ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தொழில்நுட்பம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமென்றால் உரிம ஒப்பந்தத்தை முடியுங்கள். அது இல்லாமல் எந்த டியூ டிலிஜென்ஸும் (முதலீட்டுக்கு முந்தைய சரிபார்ப்பும்) நகராது.

விண்ணப்பம் இருக்கிறது, சோதனையும் வெளியே உறுதியாகிவிட்டது, ஓராண்டுப் பணம் கையில் இருக்கிறது என்றால், நம் களிம்புக் குழுவைப் போல, மருத்துவர் அல்லது நிறுவனர் வழியே அறிமுகத்தையும், தேர்ந்தெடுத்த நிதிகளுக்கு நேரடி மின்னஞ்சலையும் ஒரே மாதத்தில் தொடங்குங்கள். கேட்கும் தொகையை அடுத்த பெரிய சந்தேகத்தோடு கட்டிவிடுங்கள். 1976-ல் அமெரிக்கப் பயோடெக் நிறுவனமான ஜெனன்டெக்குக்கு முதலீட்டாளர் டாம் பெர்கின்ஸ் முதலில் கொடுத்தது 1 லட்சம் டாலர்தான். சொந்த ஆய்வகம் கட்டாமல், சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வு மருத்துவமனை போன்ற இடங்களில் சோதனையைச் செய்யவைத்து, பாக்டீரியாவால் மனித ஹார்மோனை உருவாக்க முடியுமா என்ற ஒரே கேள்விக்கு விடை காணவே அந்தப் பணம். 1977-ல் சோமடோஸ்டாட்டின், 1978-ல் இன்சுலின். நம் குழுவின் ஒரே கேள்வி பன்றித் தோல். அதற்கு எவ்வளவு ஆகும், எத்தனை மாதம், முடிவு எப்படி வந்தால் நிறுத்துவோம் என்று மூன்று வரியில் சொல்ல முடிந்தால் சந்திப்பு பேரமாக இல்லாமல் உரையாடலாக நடக்கும்.

உற்பத்தி கடினமான செல் சிகிச்சை, தடுப்பூசி, பயோசிமிலர் (உயிரியல் மருந்தின் நகல் மருந்து) என்றால் மருந்து நிறுவனத்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். நோய் கண்டறியும் கருவி என்றால் மேடைக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு, ஏனென்றால் மருத்துவமனைகளும் அங்கே வாடிக்கையாளராக வருகின்றன.

பணம் நான்கு மாதத்துக்குத்தான் இருக்கிறது என்ற நிலையில், புதிய தொடர்பு எதுவும் கைகொடுக்காது. அப்போது ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்களிடம் மட்டும் போங்கள்: இப்போதுள்ள முதலீட்டாளர், இன்குபேட்டரின் விதை நிதி, காரணத்தோடு மறுத்த நிதி நிறுவனம். கடைசியாகச் சொன்னவரிடம் அவர் கேட்ட சோதனையின் முடிவைக் கையோடு கொண்டுபோகலாம். மறுத்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைப் பக்கக் கடிதம் அனுப்பிவருவது இதற்காகத்தான். என்ன செய்தோம், என்ன தோற்றது, அடுத்து என்ன என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். தோற்றதையும் எழுதியிருந்தால் நல்ல முடிவைச் சொல்லும்போது நம்புவார்கள்.